பேனரில் வைத்த முகம்

போன வாரம் அதியமான்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே மஞ்சள் நீராட்டு விழாவுக்காகப் புது பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சடித்த ஃப்ளெக்ஸைச் சுருள் பிரிக்கும்போது பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாசனை வருமே, அது காற்றில் வந்தது. நான் நிழற்குடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பல்லிக்கே பயப்படுகிற ஆள் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் பேனருக்குப் பயப்பட ஆரம்பித்தது கொஞ்ச நாளாகத்தான்.

உங்களுக்குத் தெரியாததா, எங்கள் பக்கம் பேனர் இல்லாமல் எதுவும் நடக்காது. காதுகுத்து, கல்யாணம், கருமாதி, பையனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது, எல்லாவற்றுக்கும் உண்டு. நடுவில் பெரிய முகம், கீழே கைகூப்பியபடி சொந்தக்காரர்களின் சின்னச் சின்ன முகங்கள். நானும் சிலவற்றில் அசட்டுச் சிரிப்போடு இருந்திருக்கிறேன்.

அந்த வாசனை எப்போது வந்தாலும் பின்னாலேயே மல்பெரி இலை வாசனையும் வந்துவிடுகிறது. பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சி மையம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டுப் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வந்தாள். ஜரீனா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை எழுத மாட்டேன், நாட்டின் பெயரையும்தான். பெண்கள் படிக்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது, வெளியே முகம் தெரியக் கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிற நாடு என்றால் புரிந்துகொள்வீர்கள். அவள் வந்தபோது அந்தச் சட்டங்கள் இல்லை.

எங்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கினாள். என் அம்மாவிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் அவள் வாயில் ‘வீடு’ என்று வந்ததே இல்லை, ‘வூடு’தான். தம்பி மகளின் காதுகுத்துக்கு அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, அம்மாவின் கை தோளில் கிடக்க, வாய்விட்டுச் சிரித்தபடி போட்டோவுக்கு நின்றாள்.

ஊருக்குத் திரும்பி, அங்கே பெண்களுக்குப் பட்டு வளர்ப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்சி மாறியது. அவள் வேலை செய்த இடத்தைப் பூட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் வரும், தமிழில்.

“தமிழ்ல பேசுனா இங்க யாருக்கும் புரியாதுக்கா. அதான் தைரியமா பேசறேன்.”

தைரியம் என்றாளே தவிர, குரல் கிசுகிசுப்பாகத்தான் இருந்தது. கூட வேலை செய்த ஒருத்தியை வீட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“ஒங்க கவர்மென்ட்டுகிட்ட சொல்லுங்கக்கா. எல்லா நாடும் சும்மா பாத்துகிட்டு இருக்குது. நீங்களாச்சும் கேளுங்க. என் பேரு மட்டும் வேணாம்.”

கவர்மென்ட்டிடம் எப்படிச் சொல்வது? எனக்கு எட்டுகிற கவர்மென்ட் எங்கள் ஊர்க் கிராமசபைதான். சுதந்திர தினத்தன்று, குடிநீரும் தெருவிளக்கும் பேசி முடித்த பிறகு, எழுந்து நின்றேன். அந்த நாட்டுப் பெண்கள்மேல் நடக்கும் அடக்குமுறையை நிறுத்தச் சொல்லி மத்திய அரசு மற்ற நாடுகளோடு சேர்ந்து அழுத்தம் கொடுக்க வேண்டும், தப்பி வருகிறவர்களுக்கு இங்கே படிக்க விசா தர வேண்டும், இப்படித் தீர்மானம் போடுங்கள் என்றேன். இதற்குத் தலைப்பே கிடையாதே என்று ஊராட்சிச் செயலர் தலையைச் சொறிந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் அவரை விடவில்லை. நான் பெயரைச் சொல்லாவிட்டாலும் யாருக்காகக் கேட்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். நம்ம ஊரில் சோறு தின்ற பிள்ளைக்கு இதுகூடச் செய்யக் கூடாதா என்று கேட்டார்கள். கடைசியில் ‘இதர பொருள்’ என்பதில் சேர்த்து நிறைவேற்றினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில், கூட்ரோட்டில், பேனர் இருந்தது. நடுவில் ஜரீனா. காதுகுத்துப் படத்திலிருந்து எடுத்த அதே சிரிப்பு, அதே கனகாம்பரம். மேலே அவளுடைய முழுப்பெயர், அப்பா பெயர், ஊர். ‘மத்திய அரசே, எங்கள் வீட்டுப் பெண்ணைக் காப்பாற்று’ என்று சிவப்பு எழுத்து. கீழே கைகூப்பியபடி எங்கள் சொந்தங்கள். வைத்தவர் என் பெரியப்பா மகன் முருகேசண்ணன். பாராட்டுவேன் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“போட்டோ இல்லாம பேனரு எப்டிம்மா வெக்கறது? யாருக்குன்னு தெரிய வேணாமா?”

“அவுத்துருங்கண்ணா. அவள கொன்னுருவாங்க” என்றேன்.

அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. யாரையும் கூப்பிடாமல் தானே ஏறிக் கயிற்றை அறுத்தார். ஆனால் அதற்குள் படம் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சுற்றி, ஃபேஸ்புக்கிலும் ஏறிவிட்டது. நல்ல மனசோடு ஆளாளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவளிடம் மறைக்க முடியுமா? சொன்னேன். பதில் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“என் மொகம் தெரியுதாக்கா? தலமுடி தெரியுதா?”

தெரிகிறது என்றேன்.

“எல்லாத்தயும் அழிச்சுருங்க. ஒங்க வூட்டுல இருக்கறதும்.”

அதோடு சரி. அதன் பிறகு நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போனை மாற்றினாளோ, தூக்கி எறிந்தாளோ, பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ, எதுவும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் பயம். அரசிடமிருந்தும் பதில் இல்லை. ஒவ்வொரு கிராமசபையிலும் அதே தீர்மானத்தைப் பெயரில்லாமல், படமில்லாமல் மறுபடி போடச் சொல்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு முன்னால் முருகேசண்ணன் எழுந்துவிடுகிறார். தன் மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் பேனர் வைக்கவில்லை.

அவள் சொன்னபடியே செய்தோம். போனில் இருந்த படங்களை அழித்தேன், அந்தக் கிசுகிசுப்புக் குரலையும் அழித்தேன். ஆல்பத்தில் இருந்தவளை அம்மா கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, அழுதுகொண்டே அடுப்பில் போட்டார். பெண்களின் முகமே தெரியக் கூடாது என்ற அந்த அரசாங்கத்தின் வேலையை, அதியமான்கோட்டைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்களே செய்து முடித்தோம். இப்போது கண்ணை மூடினால் கனகாம்பரம் தெரிகிறது, முகம் சரியாக வருவதில்லை. ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால், அம்மாவின் கை நீண்டு போய் ஓட்டையின் ஓரத்தில் நிற்கிறது.