மீட்டர்தான் தப்பு

ஜலஜா செய்த டிடெக்டர் கட்டைவிரல் பருமன்தான். உள்ளே ஒரு டயோடு, பொட்டளவு ரெசிஸ்டர். ரேடியோ அலையின் சக்தியை அளந்து சொல்வது அதன் வேலை. தாழ்ந்த அலைவரிசையானாலும் உச்ச அலைவரிசையானாலும் ஒரே மாதிரி அளக்க வேண்டும், அதுதான் பாடு. டயோடின் கம்பிக்கால் அரை மில்லிமீட்டர் நீண்டாலே மேல் அலைவரிசையில் அளவு புரண்டுவிடும். வங்காளத்து டாலிகஞ்ச் ஆய்வகத்தில் இரண்டு வருஷம் அந்தக் கால்களை நறுக்கி நறுக்கிப் பார்த்து, 1976 மழைக்காலத்தில் ஒன்றை முடித்தாள்.

சோதனையில் ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் வரை அது ஆய்வகத்து வெளிநாட்டு மீட்டரோடு ஒத்துப்போயிற்று. அதற்கு மேலே ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டியது.

"மீட்டருக்கு ஒத்து வர மாதிரி எதையாவது மாத்திடு. திங்கட்கிழமை ரிப்போர்ட் வேணும்" என்றார் பிரிவுத் தலைவர் ஸ்ரீனிவாசராகவன்.

"மீட்டரே தப்பா இருந்தா, சார்?"

"அது சீமைச் சரக்கும்மா! லேக் மார்க்கெட்லேர்ந்து பஸ் ஏறி வர நீ அதைத் தப்புங்கறியா?"

"எங்கேர்ந்து பஸ் ஏறினா என்ன சார்? அளந்தே காட்டறேன்."

சக்தி என்றால் சூடு. தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு ரெசிஸ்டரை வைத்து, ரேடியோ அலையைச் செலுத்தி, எவ்வளவு சூடாகிறது என்று குறித்துக்கொண்டாள். பிறகு அதே சூடு வரும்வரை பேட்டரி மின்சாரத்தைச் செலுத்தினாள். பேட்டரி கொடுத்த சக்தியை யாரும் மறுக்க முடியாது. ஓர் அளவுக்கு முக்கால் மணி நேரம். பாதியில் இரண்டு தடவை லோட்ஷெடிங்கில் மின்சாரம் போயிற்று.

"விடுங்க ஜலஜாதி, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் டெக்னீஷியன் பிமல்தா வங்காளியில், அக்கா முறை வைத்து.

அவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை கணக்கு முடிந்தது. டிடெக்டர் சரி. மீட்டரில் கேபிள் மாட்டும் முனையைக் கழற்றிப் பார்த்தால், நடு ஊசி மயிரிழை உள்வாங்கியிருந்தது; மேல் அலைவரிசையில் சக்தி முழுசாக உள்ளே போகவில்லை.

ரிப்போர்ட்டைப் படித்த ஸ்ரீனிவாசராகவனுக்கு முகம் சுண்டிவிட்டது. "மீட்டர் பத்தின பாராவை எடுத்துடு."

"மாட்டேன் சார். மூணு வருஷமா இதை வெச்சுண்டுதான் வெளியாளோட கருவிக்கெல்லாம் சர்டிபிகேட் குடுத்திருக்கோம். வாங்கினவாளுக்குத் தெரியணும்."

மறுநாளே அலிப்பூர் அலுவலகத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஃபைல் அடுக்கும் வேலை. 'ரிப்போர்ட் போகாமல் நான் நகர்வதாக இல்லை' என்று அதன் அடியிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை ரிப்போர்ட்டோடு சேர்த்து டைரக்டருக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போலத் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாள்.

பதினேழாம் நாள் டைரக்டர் வேறோர் ஆய்வகத்திலிருந்து புது மீட்டரை இரவல் வாங்கி வந்து தானே அளந்தார். ஜலஜாவின் அளவு நின்றது. சர்டிபிகேட் வாங்கியவர்களுக்கெல்லாம் கடிதம் போயிற்று. மாற்றலும் ரத்தாயிற்று.

ஆனால் அந்த வருஷத்துப் பதவி உயர்வு, அதே பிரிவில் இருந்துகொண்டு மீட்டரைப் பற்றி வாயே திறக்காத மஹாதேவனுக்குப் போயிற்று. காரணம் கேட்டு ஜலஜா எழுதினாள். பதில் இல்லை. அடுத்த மாதம் மறுபடியும் எழுதினாள்.