பாஸ்தாவுக்கு நண்டு

சாந்தோம் கடற்கரையோரம் நண்டு விற்ற அந்த அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒடிசலான உடம்பு, மணிக்கட்டு மட்டும் முரட்டுக் கனம். ஒவ்வொரு நண்டையும் வெட்டும் முன்னால் கத்தியால் கட்டையில் இரண்டு தட்டு தட்டுவார்.

அன்று பாஸ்தாவுக்கு நண்டு வேண்டும் என்றேன்.

“இன்னா அது, தடி சேமியாவா? வெறும் தண்ணில வேக வெக்காத நைனா. நண்டுக் கால இட்ச்சு, சாறு எடுத்து, அதுல வேக வெய். அப்பால பூண்டு…”

அதற்குள் பக்கத்துக் கடைக்காரன் வந்து, அவருடைய கூடை தன் இடத்தில் இருக்கிறதென்று கத்தியபடி அதை எட்டி உதைத்தான். உயிர் நண்டுகள் சாலையில் சிதறின. “இன்னாடா, திமிரா?” என்று எழுந்தவரை ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. நான் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துக் கட்டைமேல் அழுத்தினார். கத்தியால் இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவது அடி அவன் விரல்களுக்கு ஒரு நூல் தள்ளி இறங்கியது. கையை உருவிக்கொண்டு அவன் ஓடிப்போனான்.

ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னா அங்க போய் நின்னுகினு கீற? பூண்டு தூக்கலா போடு. மிளகத் தட்டிப் போடு.”

வீட்டில் நண்டுக் கால்களை உரலில் போட்டு இடித்தேன். ஓடு கூழான பிறகும் இடித்துக்கொண்டே இருந்தேன். அவனை நினைத்தா, ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்றவனை நினைத்தா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.