செயின் வண்டி வழக்கும் ஃபரிதா வக்கீலும்

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அப்பா கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. ஃபரிதா வக்கீலை அறிந்த உங்களுக்காகத்தான், எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

மாலையில் அப்பாவுக்குப் போன் வந்தது. “அந்த வக்கீலம்மா மாரடைப்புல போயிருச்சாம். இனி செல்விக்கு யாரு வாதாடுவா?” என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, “சின்ன வயசுங்க,” என்றாள். என்னால் அழ முடியவில்லை. எங்கள் வீட்டில் அவர் எதிர்த்தரப்பு வக்கீல்.

அப்பாவிடம் அறுவடை வண்டி இருக்கிறது, சேற்றிலும் ஓடும் செயின் வண்டி. பக்கத்து வயல் செல்வி அத்தைக்கு விடிந்ததும் அறுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். வண்டி போகவில்லை. மழை வந்தது. சாய்ந்த சம்பா நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. அத்தை பாபநாசம் போய் ஃபரிதா வக்கீலைப் பார்த்தார். சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்கானது.

வயலைப் பார்க்க வந்த அன்று வக்கீல் செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பில் தடுமாறினார். “ஜெயிக்கிறதுக்கு முன்னாடி வாய்க்கால்ல விழுந்துருவேன் போலருக்கே. கையைக் குடு பாப்பா,” என்றார். யார் மகள் என்று தெரிந்த பிறகும் கையை விடவில்லை.

“எங்கப்பா கெட்டவரா மேடம்?” என்று கேட்டேன்.

“நான் அப்படி எழுதலையே. குறைபாடுன்னா ஆள் எப்படின்னு சட்டம் பாக்காது. செய்யறேன்னு ஒத்துக்கிட்டதுல எது விட்டுப்போச்சுன்னு பாக்கும்.”

“வண்டி ரிப்பேர் ஆயிட்டா?”

“யாருக்கும் ஆகும். தெரிஞ்சும் மறைச்சா, அதுவும் குறைபாடுதான். சொல்லியிருந்தா அவங்க வேற வண்டி பிடிச்சிருப்பாங்கல்ல?”

அறுப்பதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் மாலையே டிரைவர் எங்கள் வாசலில் வந்து, “செயின் அறுந்துருச்சுண்ணே,” என்றார். “செல்விகிட்ட மூச்சு விடாத. வேற வண்டிக்குப் போயிரும்,” என்றார் அப்பா. எனக்குக் கேட்டது. காலையில்தான் அறுந்தது என்று ஆணையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வக்கீல் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். “உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். நீ அந்த வீட்டுலதான் சோறு திங்கணும்,” என்று மட்டும் சொன்னார்.

கூப்பிட்டிருந்தால் பயந்து ஓடியிருப்பேன். கூப்பிடாததால்தான் சாட்சி சொல்லப் போகத் தோன்றுகிறது. அப்பாவை வெறுக்காமலே அவர் செய்ததைச் சொல்லலாம் என்பதை வக்கீலிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். நாளை செல்வி அத்தையிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் அப்பாவிடமே சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான்

கதவு தட்டும் சத்தம். “பாப்பா, இன்னும் லைட்டு எரியுதே?”

அப்பா.