எந்த ரெண்டாம் டிவிஷன்?

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது இருக்கும். ஹட்டன்ல ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம், லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். ரெண்டோட டெலிபோனையும் இன்டர்நெட் வழியா எங்க ஆபீசோட இணைக்கிற வேலை.

இதுல தகவலை உறைக்குள்ள உறை போட்டுத்தான் அனுப்பணும். உள் உறையில தோட்டத்தோட எந்தப் பிரிவு, அதாவது எந்த டிவிஷன்னு ஒரு நம்பர், வெளி உறையில எந்தத் தோட்டம்னு முகவரி. எங்களுக்கு மேல இருந்த யாழ்ப்பாணத்து இன்ஜினியர், டிவிஷன் நம்பரையே உள்ள போடுவம்னார். எல்லாத் தோட்டத்துலயும் ரெண்டாம் டிவிஷன் இருக்கே சேர், தோட்டத்துக்கும் சேர்த்து நம்பர் வைக்கலாமேன்னேன்.

"வெளி உறையில தோட்டம் இருக்குத்தானே பிள்ளை, பிறகென்ன?"

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. அவர் சொன்னபடியே நம்பரைப் போட்டேன்.

இணைச்சு முடிச்ச அன்னைக்கே, கொட்டுற மழையில போன் அடிச்சது. தோட்டத்துல பிரசவம் பார்க்கிற மிட்வைப் அம்மா ஒருத்தங்க பேசினாங்க. "ரெண்டாம் டிவிஷன்ங்க. பிள்ளைத்தாச்சிக்கு ரத்தம் நிக்கல, வண்டி அனுப்..." அதோட லைன் கட். திரும்ப அடிச்சா போகவே இல்ல. ஸ்கிரீன்ல வெறும் ரெண்டுன்னு மட்டும் நிக்குது! வெளி உறையை உரிச்சிட்டுத்தானே எங்க கைக்கே வருது.

வாசல்ல கம்பெனி ஆம்புலன்ஸ் உறுமிக்கிட்டு நிக்குது. டிரைவர் அண்ணன் கத்துறார்: "பொகவந்தலாவையா, லிந்துலையா? சொல்லுங்க தங்கச்சி!" ரெண்டும் வேற வேற ரோடு. தப்பாப் போனா, அந்த மலை ரோட்டு வளைவுல திரும்பி வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு உசுரு போயிடும். ஐயோ கடவுளே!

உறையை உரிக்கிற மெஷினுக்குள்ளயே நுழைஞ்சேன். வந்து போனதைக் கொஞ்ச நேரந்தான் அது வச்சிருக்கும், அப்புறம் தானா அழிச்சிடும். ரெண்டு தோட்டத்து ரெண்டாம் நம்பரும் கலந்து கடகடன்னு ஓடுது. சேர் பக்கத்துல குனிஞ்சு, வரி வரியா விரல் வச்சுத் தேடினார். மேல் வரிகள் மறைய ஆரம்பிச்சிருச்சு. போன் வந்த நேரத்துக்கு நேரா ஒரு வெளி முகவரி. பொகவந்தலாவை! ஜன்னலைத் திறந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

சாயங்காலம் டிரைவர் அண்ணன் போன் பண்ணி, தாயும் பிள்ளையும் பொழைச்சிட்டாங்கன்னு சொன்னதும் ஓன்னு அழுதுட்டேன். போட்ட நம்பரையெல்லாம் அழிச்சிட்டு, தோட்டத்தையும் சேர்த்துப் புதுசாப் போட சேர் உட்கார்ந்தார். நானும் கூட உட்கார்ந்தேன்.

அந்தப் பொண்ணு முகத்தை நான் பார்த்ததே இல்ல. ஆனா இன்னைக்கும் ஒரு நெட்வொர்க்குக்கு நம்பர் வைக்கப் போனா, அந்த முனையில யாரோ வண்டி வருமான்னு ரோட்டையே பார்த்துக்கிட்டிருக்காங்கன்னு நினைச்சுத்தான் வைக்கிறேன்.