வெள்ளைத் தகட்டில் தெரிந்த எண்

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஷார்ஜாவைத் தாண்டி, மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் முதலில் என் கண்ணில் பட்டது ஓர் எண். வெள்ளை வர்ணம் பூசிய வட்டமான இரும்புத் தகட்டின் நடுவில் சிறு பள்ளங்கள் சேர்ந்து அந்த எண்ணாகத் தெரிந்தன. நான்கு, ஒன்று, ஏழு. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருந்தது. தகடு முழுவதும் குண்டுகள் பட்ட கறை இருந்தாலும் மற்ற இடமெல்லாம் வழவழப்பாக இருந்தது. எண் இருந்த கோடுகளில் மட்டும் குழி. அடுத்த தகட்டிலும் அப்படியே. வரிசையாக நின்ற ஆறிலும் அப்படியே.

அந்த எண்ணை எழுதியவர் என் அண்ணன். அவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு அண்ணனைப் பற்றி நிறையத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வீட்டில்கூட அவர் பேசியதில்லை. அப்போது அவர் வீட்டுக்கு வந்திருந்த தங்கையாகிய நான் உடனிருந்து பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது அறந்தாங்கிக்குப் பக்கத்தில், எங்கள் தாய்மாமன் வீட்டில். அப்பா லாரி ஓட்டுநர். அண்ணன் புதுக்கோட்டை ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பை முடித்த ஆண்டே அப்பா காலமானார். அடுத்த ஆண்டு அண்ணன் சவுதியின் தம்மாமுக்கு விமானம் ஏறினார். என் கல்லூரிப் படிப்பு, பத்திரிகையில் வேலை கிடைக்கும்வரை நான் காத்திருந்த காலம், என் திருமணம், மூன்றும் தம்மாமிலிருந்து வந்த பணத்தில்தான் நடந்தன.

அங்கே எண்ணெய்த் தொட்டிகள் செய்யும் களத்தில் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. வர்ணத்தில் எழுதும் வேலை எண்கள் வெயிலிலும் கடல் உப்பிலும் உரிந்துவிடும். எந்தச் சாமான் எந்த வேலைக்கு என்று தெரியாமல் போகும். அதனால் வெல்டிங் கம்பியாலேயே இரும்பின் பின்பக்கம் எண்ணை எழுதிவிடுவார்கள். அண்ணன் எழுதினால் அச்சடித்ததுபோல் இருக்கும் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். பிறகு ஷார்ஜா சனையாவில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு பட்டறைக்கு ஃபோர்மேனாக வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. "ஃபோர்மேன் நம்பர் போடாத சாமான் கேட்டைத் தாண்டாது, போட்டுட்டா எமன்கூட மாத்தித் தூக்க முடியாது" என்பார் பட்டறை வெல்டர் முருகேசன்.

அந்தப் பட்டறையிடம் கிளப் கேட்டது விழுந்தெழும் தகடுகள். காகிதத்தில் சுட்டால் பட்டதா இல்லையா என்று நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். இரும்பு உடனே சொல்லிவிடும். குண்டு பட்டதும் மணிபோல் ஒலித்துப் பின்னால் சாயும். ஆறும் சாய்ந்தபின் சுடும் இடத்திலிருந்தே கயிற்றை இழுத்தால் ஆறும் எழுந்து நிற்கும். சாதாரண இரும்பு இதற்கு உதவாது. ஆலையிலேயே சூடேற்றிக் குளிர்வித்துக் கெட்டியாக்கிய தகடு வேண்டும். தகட்டின் மேல்பக்கத்தைச் சற்று முன்னால் சாய்த்து மாட்டினால், குண்டு அதன் வழவழப்பான முகத்தில் நசுங்கித் தூளாகி மண்ணுக்குள் இறங்கிவிடும். முகத்தில் குழி விழுந்தால் கதை வேறு. குழியின் விளிம்பு குண்டின் சில்லைச் சுட்டவர் பக்கமே திருப்பி அனுப்பும்.

கிளப் மேலாளர் எகிப்துக்காரர், பொறியாளர். தகட்டில் வெல்டிங் கூடாது, போல்ட் மட்டுமே என்று வரைபடத்தில் எழுதியிருந்தார். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் ஆலை கொடுத்த கெட்டித்தன்மை போய்விடும். அண்ணன் அதை அப்படியே கடைப்பிடித்தார். கீலுக்கு போல்ட், ஸ்பிரிங்குக்கு போல்ட். எல்லாம் முடிந்து கேட்டைத் தாண்டும் முன்பு, வழக்கம்போல் ஆறின் பின்பக்கமும் எண்ணை எழுதினார்.

"நம்பர் போடுறது வெல்டிங்குன்னு எனக்குத் தோணவே இல்ல பாப்பா" என்றார் அன்று காலை. "பேரெழுதுற மாதிரிதானே நினைச்சேன்."

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் நஸீர் பாயின் தொலைபேசி அழைப்பு. கீழக்கரைக்காரர். சுடும் நேரத்தில் கயிற்றை இழுப்பதும், முடிந்தபின் தகடுகளுக்கு வெள்ளை அடிப்பதும் அவர் வேலை. குண்டின் சில் தெறித்த காயத்துக்கு அவர் இடது கண்ணுக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"வாங்க ஃபோர்மேன். உங்க இரும்பு என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது."

"கண்ணாடி போட்டிருந்தீங்களா பாய்?"

"வேர்வையில நிக்க மாட்டேங்குது. நெத்தியில ஏத்தி விட்டிருந்தேன்."

"அப்ப நெத்தி தப்பிச்சிருக்கும்."

பாய் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. பிளாஸ்திரியின் மேல் ஓரத்துக்கும் கண்ணிமைக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஒன்பது மணிக்கு ஆட்கள் சுட வருவார்கள், பாய் மறுபடியும் கயிற்றைப் பிடித்து நிற்பார்.

அண்ணன் பட்டறை முதலாளியை அழைத்தார். முதலாளி மலையாளி. கைப்பேசியின் ஒலி வெளியே கேட்டது.

"பின்னாலே கிரைண்டர் வச்சுத் தேச்சுட்டுப் பெயிண்ட் அடி. இன்னைக்குக் கூட்டம் வரும்."

"பின்னாடி தேச்சாலும் உள்ள இறங்குன சூடு தேயாது சார். ஆறையும் கழட்டணும்."

"ஃபோர்மேன், உன் விசா பேப்பர் யார் மேசையில கெடக்குன்னு ஓர்மை உண்டா?"

"இருக்கு சார்."

அண்ணன் அப்போது அறுபதை நெருங்கியிருந்தார். அந்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும். அண்ணியும், அங்கே கல்லூரியில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகளும் அவர் விசாவில்தான் இருந்தார்கள். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் வாடகை வீடு. இது எனக்குத் தெரியும், பாய்க்கும் தெரியும். "விட்டுடுங்க ஃபோர்மேன், நான் கண்ணாடிய ரப்பர் போட்டுக் கட்டிக்கிறேன்" என்றார் பாய்.

அண்ணன் வண்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து முதல் போல்ட்டில் மாட்டினார்.

அவர் ஆறாவது தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்தார். பின்னாலேயே அன்றைய முதல் விருந்தினர்கள், குழந்தைகளோடு ஒரு குடும்பம். மேலாளர் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து அந்த வரியை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். "நீங்கள் எழுதினீர்கள் சார். நான் படித்தேன். படித்தபின் வெல்டிங் செய்தேன்" என்று ஆங்கிலத்தில் அண்ணன் சொன்னார். விருந்தினர்களும் கேட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. என் பத்திரிகை வேலைக்காலத்தில் மறுப்பும் விளக்கமும் எத்தனையோ பேரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். யாரும் கேட்காமல் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மேலாளர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, இன்று காகித இலக்குகள் மட்டும் என்று பலகை வைக்கச் சொன்னார்.

அண்ணன் தகடுகளை ஏற்றிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனார். விடுமுறை நாள், சனையா முழுவதும் ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. கேஸ் கட்டரைப் பற்றவைத்து முதல் தகட்டை எண்ணின் குறுக்காக இரண்டாக வெட்டினார். பக்கத்துத் தொழிலாளர் கேம்பிலிருந்த முருகேசன் சத்தம் கேட்டு லுங்கியோடு ஓடி வந்தார்.

"ஏன் ஃபோர்மேன், ஸ்டோர்ல போட்டு வைக்கலாமே? நல்ல இரும்பு!"

"ஸ்டோர்ல கெடந்தா ஒருநாள் வண்டியேறும் முருகேசா. வேற எவனாவது கயிறு இழுத்துக்கிட்டு நிப்பான்."

"முதலாளி உங்களை யல்லா, கிளம்புன்னு ஊருக்கு அனுப்பிடுவார்."

"அனுப்பட்டும். நீ அந்தப் பக்கம் பிடி."

முருகேசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். எத்தனையோ குண்டுகளைத் தூளாக்கிய இரும்பு நீலச் சுடருக்கு முன்னால் மஞ்சளாக உருகி வழிந்தது. அண்ணனின் கை கோடு பிசகாமல் நகர்ந்தது. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சோறு போட்ட கை என்று அதுவரை நினைத்திருந்தேன். அது என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

முதலாளி விசாவில் கையெழுத்திடவில்லை. "கலாஸ்" என்ற, 'முடிந்தது' எனப் பொருள்படும் ஒரே அரபுச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அண்ணியும் திட்டினார், அதையும் எழுதிவிடுகிறேன். "ஊருக்கெல்லாம் கண்ணு காப்பாத்துங்க, வீட்டுக்கு யார் பார்க்கிறது?" அண்ணன் சாப்பிட்டு முடித்தார். விசாவின் சலுகைக் காலம் முடிவதற்குள் அஜ்மானில் நான்கு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. தகடுகளைப் புதிதாகச் செய்யும் வேலையை எகிப்துக்கார மேலாளர் அந்தப் பட்டறைக்கே கொடுத்தார்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் அவை நிறுவப்பட்டன. இம்முறை எண், தகடுகளைத் தாங்கும் சட்டத்தின் காலில் உளியால் கொத்தப்பட்டிருந்தது. காதில் அடைப்பும் கண்ணில் கண்ணாடியுமாக நான் சுடும் கோட்டுக்குப் பின்னால் நின்றேன். குண்டு தொட்ட இடத்தில் வெள்ளையின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூ விரிந்தது. பிறகுதான் ஒலி வந்தது. கோயில் மணியைவிடக் கூர்மையான ஒலி. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நஸீர் பாய் கயிற்றை இழுத்தார். ஆறும் ஒரே மூச்சில் எழுந்தன. அருகில் போய்த் தடவிப் பார்த்தேன். கறை விரலோடு வந்தது. அடியில் இரும்பு, குண்டையே அறியாததுபோல் இருந்தது.

அண்ணன் அதன்பின் அஜ்மானிலேயே வேலை பார்த்தார். மகளின் படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது. ஊரில் வீட்டுக்கு மேல்தளம் போட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். கடைசி மாதங்களில் படியேறினால் மூச்சு வாங்கியது. மருத்துவர் சொன்ன பரிசோதனையை லீவில் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினார். ஒரு காலை டியூட்டிக்குக் கிளம்பியவர், காலணியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணியைத் தனியே விடாமல் இரவு பகலாக உடனிருந்த ரோலா வீட்டு அண்டை அயலார், தூதரக வேலைகளுக்கு விடுப்பெடுத்து அலைந்த அஜ்மான் பட்டறை நண்பர்கள், திருச்சி விமான நிலையத்துக்கு வண்டியோடு வந்து நின்ற மாமன் மக்கள், காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம். முருகேசன் வேலையை விட்டுவிட்டு அண்ணனோடு அதே விமானத்தில் வந்தார். பழைய பட்டறை முதலாளியும் மலர்வளையத்தோடு வந்திருந்தார். அவருக்கும் நன்றி.

அண்ணனின் பெட்டியை அங்கிருந்து ஏற்றும் முன், விமான நிலையச் சரக்குப் பிரிவில் காகிதங்களைச் சரிபார்த்தவர் நஸீர் பாய். பெட்டி இறங்க வேண்டிய ஊர் ஒரு தாளில் திருச்சி என்றும் இன்னொன்றில் சென்னை என்றும் இருந்ததை அவர்தான் கண்டுபிடித்துத் திருத்த வைத்தார். அது தாளின் அடியில், மிகப் பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடி போடாமல் படித்தார்.