நைட் ஷிப்ட்காரனுக்குப் பக்கத்து வீட்ல காடை வளத்த கதை

கம்பெனில வி.ஆர்.எஸ். வாங்கின கையோட காடை வளக்க ஆரம்பிச்சேன். இருபது வருஷம் டெஸ்பாட்ச்ல இருந்தவன். வந்த கியரை எண்ணி, பெட்டியில போட்டு அனுப்பறதுதான் வேலை. காடையும் அதே மாதிரிதானேன்னு நெனச்சேன். கியர் பெட்டி கத்தாதுங்கற வித்தியாசம் அப்ப தோணல.

மத்திகிரில எங்க வீட்டுக்குப் பின்னாடி ஷீட் போட்ட கொட்டகை. அதுல மூணு அடுக்குக் கூண்டு. குஞ்சுங்களுக்கு பல்பு போட்டு சூடு காட்டறது, தண்ணி மாத்தறது எல்லாம் நானு. அறுக்கறது என் சம்சாரம் லதா. கோழியைப் புடிச்சுக் குடுக்கச் சொன்னாலே நான் மூஞ்சியைத் திருப்பிக்கற ஆளு. யாராவது கேட்டா மட்டும், "நான் சூப்பர்வைசர்"னு சொல்லிக்குவேன்.

பெருசா வேணும்னாரு ஓட்டல்காரர்

அஞ்சாவது வாரமே காடையைக் கறிக்கு எடுத்துடலாம். சூளகிரி ரோட்ல மிலிட்டரி ஓட்டல் வச்சிருக்கறவர் எங்ககிட்ட வாங்கிட்டிருந்தாரு. இன்னும் ரெண்டு வாரம் விட்டு எடுங்கன்னு அவர் ஒரு நாள் சொன்னாரு. பிளேட்ல வச்சா சிட்டுக்குருவியான்னு கஸ்டமர் கேக்கறானாம். சரின்னு விட்டேன்.

ஆறாவது வாரம் ஆண் காடைங்க கூவ ஆரம்பிச்சுதுங்க. பாக்கறதுக்குக் கைக்குள்ள அடங்கற உருப்படி, சத்தம் மட்டும் தெருமுனை வரைக்கும் கேக்கும். ஒண்ணு ஆரம்பிச்சா போதும், கூண்டு மொத்தமும் பதில் சொல்லும். வெளிச்சத்தைக் குறைச்சா அடங்கும்னு யாரோ சொன்னாங்க. சாக்கு போட்டு மூடினேன். இருட்டுல பயம் போக பாட்டுப் பாடறவன் மாதிரி இன்னும் கூடத்தான் கத்துச்சுங்க. நான் பக்கத்துல நின்னு "ஷ்ஷ்"னேன். அதுக்கும் பதில் கூவுச்சுங்க.

சென்சார் தூங்குமா?

கொட்டகைச் சுவத்தை ஒட்டின ரூம்ல சுடலைமுத்துன்னு ஒரு தம்பி வாடகைக்கு இருந்தான். திருநெல்வேலிப் பக்கம். தகடு வெட்டற பவர் பிரஸ் மிஷின்ல ஆபரேட்டர், அந்த மாசம் முழுக்க நைட் ஷிப்ட். பகல்லதான் தூங்கணும். ஒரு வார்த்தை வந்து சண்டை போட்டதில்ல. ஒரு நாள் காலைல ஷிப்ட் முடிஞ்சு வந்தவனைப் பாத்தேன். கண்ணு ரெண்டும் மிளகாய் மாதிரி சிவந்து கெடந்துச்சு.

"தூங்க முடியலயா தம்பி?"ன்னேன்.

"காடை என்ன செய்யும் அண்ணாச்சி, அது பாட்டுக்குக் கத்துது. நேத்து பிரஸ்ல நிக்கும்போது ரெண்டு தடவ தல ஆடிருச்சு."

"சென்சார் இருக்குமில்ல? கை உள்ள போனா மிஷின் நின்னுடுமே?"

"இருக்கு. அதுவும் என்னைய மாதிரிதான் அண்ணாச்சி. சில நேரம் தூங்கிரும்."

சிரிச்சுட்டே சொல்லிட்டுப் போயிட்டான். என் பார்வை மட்டும் அவன் விரல்ங்க மேலயே நின்னுடுச்சு. பிரஸ் ஷாப்ல கையைப் பறிகுடுத்தவங்களை நான் பாத்திருக்கேன். அதுக்கப்புறம் எனக்கு ஜோக் எதுவும் வரல.

லதா காவேரிப்பட்டினத்துல தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தா. போன் போட்டு, ஆண் காடைங்களை இன்னிக்கே நானே அறுத்துடறேன்னேன்.

"ரெண்டு நாள் பொறுக்க முடியாதா உங்களுக்கு?"ன்னா.

"நான் பொறுப்பேன். பிரஸ் பொறுக்காது"ன்னு விஷயத்தைச் சொன்னேன்.

அப்புறம், "கையை நடுங்க விடாதீங்க. நடுங்கினா அதுக்குத்தான் வலி"ன்னு சொல்லிப் போனை வச்சுட்டா.

ஓட்டல்காரருக்கும் போன் போட்டு, இன்னிக்கே எடுத்துக்குவீங்களான்னு கேட்டேன். கொஞ்சம் முனகினாரு. அப்புறம் அவரே, "ஸ்பெஷல் இளங்காடைன்னு போர்டு எழுதிக்கறேன், கொண்டாங்க"ன்னாரு.

நல்லவேளையா காலைத் தீவனம் இன்னும் வைக்கல. வயிறு காலியா இருந்தாதான் சுத்தம் பண்றது சுலபம். மார்பு செம்மண் கலர்ல இருந்தா ஆண், புள்ளி புள்ளியா இருந்தா பொட்டை. ஆணெல்லாம் தனியாப் பிரிச்சேன். தண்ணி பாட்டிலை வெட்டிக் கவுத்த புனல்ல காடையைத் தலைகீழா வச்சா, தலை மட்டும் வெளிய நிக்கும், துள்ளாது. கத்தியை எடுத்துட்டு ரொம்ப நேரம் நின்னேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்னு கேட்டுச்சு. அவன் புரண்டு படுக்கறான். முதல் காடையை எடுத்தேன்.

அழுதேனான்னு கேக்காதீங்க. மூஞ்சியைத் திருப்பிக்கல, அவ்வளவுதான். ரத்தம் வடிஞ்சதும் சட்டையைக் கழட்டற மாதிரி இறகோட தோலை உரிச்சு, குடலை எடுத்து, ஐஸ் தண்ணில போட்டேன். பாத்திரம் இடிபடாம, குழாயை நூலாத் தெறந்து வேலை பாத்தேன். ஒவ்வொண்ணாக் குறையக் குறைய கொட்டகை அடங்கிட்டே வந்துச்சு. மிச்சமிருந்த பொட்டைங்களுக்குத் தீவனம் வச்சேன், அமைதியாக் கொத்துச்சுங்க.

சாயங்காலம் பொட்டியைக் கட்டிட்டு வண்டியை எடுக்கறேன், சுடலைமுத்து சட்டை பட்டனைப் போட்டுட்டே ஓடி வரான். அசந்து தூங்கி கம்பெனி பஸ்ஸை விட்டுட்டானாம். ஏறுடான்னேன். தெர்மாகோல் பொட்டியை அவன் மடியில வச்சேன்.

பாதி வழில கேட்டான். "காடையெல்லாம் எங்க அண்ணாச்சி? சத்தத்தையே காணோம்."

"உன் மடிலதான் இருக்குடா."

கம்பெனி கேட்ல வண்டியை நிறுத்தினேன். எறங்கினதும் பொட்டியை ரெண்டு கையாலயும் மெதுவா சீட்ல வச்சு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டுத்தான் உள்ள போனான்.

புதுசா காடை வளக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். தீவன ரேட்டு கேக்கறதுக்கு முன்னாடி, பக்கத்து வீட்ல யாரு எந்த ஷிப்ட்டுன்னு கேட்டுக்குங்க. எடை கம்மியா இருந்தாலும் ஆண் காடைங்களைக் கூவறதுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க. அதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. சத்தம் இல்லாம சுடலைமுத்து இப்ப ரொம்பவே நல்லாத் தூங்கறான், செல்போன் அலாரம் அடிச்சும் எந்திரிக்கறதில்ல. நைட் ஷிப்ட் வந்தா தினம் சாயங்காலம் அவன் கதவுகிட்ட நின்னு கூவறது நான்தான்.