காந்தம் ஒட்டாத கழுத்து

கலமசூ ஊரில் பழைய கிட்டாருக்கு வயது சொல்ல வேண்டுமென்றால் கேஸ் ஹூக்ஸ்ட்ராவிடம்தான் போக வேண்டும். நாற்பது வருடமாக அதுதான் வழக்கம். உள்ளூர்த் தொழிற்சாலை போர்க்காலத்தில் செய்த கிட்டார்களென்றால் கேட்கவே வேண்டாம். வயிற்றுக்குள் கண்ணாடியை விட்டுப் பார்ப்பார், கழுத்தின் பின்பக்கம் காந்தத்தை நகர்த்துவார், ஒரு சீட்டில் வருடத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். தன் கிட்டார் இன்னும் பழையது என்று எவனாவது அடம்பிடித்தால், "அப்ப நீயே எழுதிக்க, என்கிட்ட எதுக்கு வந்த?" என்று பெட்டியை மூடிக் கொடுத்துவிடுவார். அத்தனை வீம்பு.

இந்த ஜனவரியில் மனைவி நெல்வா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு கேஸுக்கு எதுவும் உறைக்கவில்லை. சவ அடக்கத்தன்று அழவில்லை. காபி ஆறிப்போனாலும் குடித்தார், சூட்டோடு இருந்தாலும் குடித்தார். வேலை மட்டும் கை பாட்டுக்கு நடந்தது.

மே மாதம் அக்கா டீனா வந்தாள். கல்யாணமாகி ஐயோவாவுக்குப் போனவள், எழுபத்தொரு வயதில் கைம்பெண்ணாகத் திரும்பியிருந்தாள். கையில் அப்பாவின் கிட்டார் பெட்டி. சின்ன வயதில் அது அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அம்மா அதைத் திறக்க விட்டதே இல்லை. டீனாவின் கல்யாணத்தன்று அவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"டேய் கேஸ், சர்ச்சுல போர்வீரர் நினைவு நாளுக்கு மேசை போடுறாங்க. அப்பாவோட கிட்டாரை வைக்கப்போறேன். உன் கையால வருஷம் எழுதிக் குடு."

"நாப்பது வருஷமா என் கண்ணுல காட்டாம இருந்தியே, இப்பத்தான் தம்பி ஞாபகம் வந்துச்சா?"

"உன் கையில குடுத்தா ஆணி ஆணியாக் கழட்டிருவ. வாயை மூடிட்டு எழுது."

அப்பா ராணுவத்துக்குப் போனது 1942 ஜூனில். ஊருக்கு ஒரு தடவைகூடத் திரும்பாமல் அடுத்த வருடம் இத்தாலியில் இறந்தார். கேஸ் பிறந்தது அவர் போய் ஐந்து மாதம் கழித்து. அக்காவிடம் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு ஞாபகம்தான் உண்டு. வாசற்படியில் உட்கார்ந்து அவர் இந்தக் கிட்டாரை வாசிக்கிறார், அவள் அவருடைய பூட்ஸ் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி வாழ்கிறாள்.

பெட்டியைத் திறந்ததுமே கேஸுக்குத் தெரிந்துவிட்டது. கிட்டாரின் தலையில் அந்தச் சின்ன மூடி இல்லை. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகுவதற்கான துளையை மறைக்கும் மூடி அது. போர் முற்றி இரும்பு கிடைக்காமல் போனபோதுதான் கம்பியே வைக்காமல் கழுத்தைத் தடிமனாகச் செய்தார்கள். இருந்தும் தந்தியைத் தளர்த்திக் காந்தத்தை வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. முகப்புப் பலகையும் அகல மரம் கிடைக்காத அந்தக் காலத்து நாலு துண்டு ஒட்டுப் போட்டது. நாற்பத்து மூன்று. அதற்கு ஒரு நாள் முன்னால்கூட இருக்க முடியாது.

அந்த வருடம் அப்பா கடல் தாண்டியிருந்தார். அம்மா அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தாள். வாங்கியது அவளாக இருக்கலாம். வாசற்படியில் வாசித்தவன் எவனோ, அப்பா இல்லை. அம்மாவைக் கேட்கலாமென்றால் அவளும் போய்ப் பத்து வருடம் ஆகிறது.

இவ்வளவும் புரிந்தது. ஆனால் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

"என்னடா இவ்வளவு நேரம்? நாப்பத்தொண்ணுதானே?" என்றாள் டீனா. கையிரண்டும் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன.

கேஸ் சீட்டை எடுத்து 1941 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் தெரிந்தே எழுதிய முதல் தப்பு.

நினைவு நாளன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் நல்ல கூட்டம். கிட்டார் வியாபாரி ரோஜர் மேசைக்கு வந்தவன் சீட்டைப் பார்த்தான், கிட்டாரின் தலையைப் பார்த்தான், கேஸை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"என்னப்பா இது? மூடியே இல்ல. கம்பி இல்லாத கழுத்தை நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்க? நேத்து வந்த பய கூடச் சொல்லிருவானே!"

"கண்ணு சரியில்ல ரோஜர். தப்பாப் பார்த்துட்டேன்."

"அப்ப திருத்திடு."

"இருக்கட்டும்."

ரோஜர் அவரை ஒரு மாதிரி பார்த்தான். இவன் வாய் சும்மா இருக்காது. நாளைக்கே நாலு பேரிடம் சொல்லுவான், கிழவனுக்குப் பார்வை போச்சு என்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள். கேஸுக்கு அதுவும் தெரிந்தே இருந்தது.

மேசையருகே டீனா நாலைந்து பெண்களைப் பிடித்து வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "எழுதினது என் தம்பி. அவன் வருஷம் சொன்னா அப்பீலே கிடையாது." கேஸைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு ஞாபகம் இருக்காதுடா. அப்பா வாசிக்கிறாரு, நீ அம்மா மடியில வீல் வீல்னு கத்துற. அவரு வாசிக்கிறதை நிறுத்திட்டு, உன் மூக்கைக் கிள்ளி, 'இவனுக்குத் தாளமே வராது'ன்னாரு."

பெண்கள் சிரித்தார்கள். அப்பா போன பிறகு பிறந்தவன் மூக்கை அவர் எப்படிக் கிள்ளியிருப்பார் என்று ஒருத்திக்கும் கணக்குத் தட்டவில்லை. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக கேஸுக்கு வலித்தது.

"ஆமாக்கா," என்றார். "அப்பா சொன்னது சரிதான்."